மார்கழிச் சுவர்

தாமிரபரணிக் கரை ஊர்களில் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்கென்று ஒரு காலம் உண்டு. மார்கழி பாதி கழிந்ததும் பரணில் கிடந்த பாத்திரங்கள் கீழே இறங்கும். கட்டிலும் பீரோவும் அறையின் நடுவுக்கு நகரும். பொங்கலுக்குள் சுவர் வெளுத்துவிட வேண்டும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றோடு இறங்கி வந்தால் எல்லா ஊரிலும் இதே கணக்குதான்.

யோசித்துப் பார்த்தால் இது விநோதமான கணக்கு. திருநெல்வேலிச் சமவெளிக்குப் பெரிய மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். ஆக, சுவர்கள் ஆண்டிலேயே அதிகமாக ஈரம் குடித்திருக்கும் நேரம் பார்த்து மட்டையைக் கையில் எடுக்கிறோம். இன்று எந்தப் பெயிண்ட் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாலும், சுவர் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்றுதான் அச்சிட்டிருக்கிறது. அப்படியானால் நம் தாத்தா, பாட்டி மாதத்தைத் தப்பாகத் தேர்ந்துவிட்டார்களா?

இல்லை. அவர்கள் சுவரில் பூசியது வேறு பொருள். அந்தப் பொருளுக்கு ஈரம் எதிரியல்ல, தேவை. இன்று பொருள் மாறிவிட்டது. மாதம் மட்டும் மாறவில்லை. நெல்லை வீடுகளில் அடித்த சில மாதங்களிலேயே பெயிண்ட் பொரிந்து உதிர்வதற்கு இந்தப் பொருத்தமின்மை முக்கியமான காரணம் என்பது என் உறுதியான கருத்து.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஆறு கரை மீறி, திருநெல்வேலி ஜங்ஷன், கொக்கிரகுளம், ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று வழிநெடுக வீடுகளுக்குள் புகுந்தது. அடுத்த பொங்கலுக்கு நான்கே வாரம் இருந்தது. சேற்றைக் கழுவிவிட்டு, பண்டிகைக்குள் வீட்டைப் பழையபடி ஆக்கிவிடத் துடிப்பது மனித இயல்பு. ஆனால் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் குடித்த தண்ணீர் நான்கு வாரத்தில் வெளியேறிவிடாது. பழைய கட்டடங்களைப் பராமரிப்பவர்கள் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று தோராயமாகச் சொல்வதுண்டு. அது குளிர்நாட்டுக் கணக்கு. நெல்லை வெயிலில் குறையும் என்றாலும் நான்கு வாரமாகக் குறையாது. அந்தச் சுவரில் எதைப் பூசலாம், எதைப் பூசக் கூடாது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் சுண்ணாம்பிடம் போக வேண்டும்.

கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் வேதியியல்படி ஒன்றுதான்: கால்சியம் கார்பனேட். இந்த வட்டாரத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. தூத்துக்குடிக் கடலோரத்தில் கிளிஞ்சல். திருநெல்வேலிக்குச் சற்று வடக்கே தாழையூத்தில் பூமிக்குள் கல். இந்தியா சிமென்ட்ஸ் தன் முதல் ஆலையை 1949-ல் தாழையூத்துச் சங்கர் நகரில் தொடங்கியது அந்தக் கல்லை நம்பித்தான். காளவாசலில் அடுக்கிச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுடும்போது கல் தன்னுள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிடுகிறது. 100 கிலோ சுத்தமான கல் போட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் மிஞ்சும். மீதி 44 கிலோவும் வாயுவாகப் புகையோடு போய்விடும். இந்த 44 கிலோவை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அது திரும்பி வருவதில்தான் இருக்கிறது.

சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விடுவதை நீற்றுவது என்கிறோம். பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் சில நொடிகள் ஒன்றும் நடக்காது. கல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு சும்மா கிடக்கும். பிறகு மெல்லிய விரிசல் விடும். உள்ளிருந்து சீறும் ஓசை வரும். கட்டி பிளந்து பூத்து மாவாக விழும்; தொட்டி முழுக்கத் தளதளவென்று கொதித்து ஆவி கிளம்பும். அடுப்பே இல்லாமல் கொதிக்கிறது. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீறும்போது வெளிவிடும் வெப்பம் மூன்று லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காளவாசலில் கல்லுக்குள் ஏற்றிய வெப்பத்தில் ஒரு பகுதிதான் இப்படி வெளியே வருகிறது. இந்தக் கட்டத்தில் குழந்தைகளை அருகில் விடக் கூடாது. தெறிக்கும் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

நீறிய சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, சில நாள் தண்ணீரில் ஊறிய பிறகு துணியில் வடிகட்டப்படும். மோர்ப் பதத்துக்குக் கரைத்து, பனைமட்டையைத் தட்டி நாராக்கிய மட்டையால் சுவரில் இழுப்பார்கள். அடித்தவுடன் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். பழைய அழுக்குக் கறையெல்லாம் அப்படியே தெரியும். புதிதாக அடிப்பவர்கள் பதறிப்போய் இன்னும் கெட்டியாகக் கரைத்து மறுபடி இழுப்பார்கள். அனுபவசாலி பதற மாட்டார், காயட்டும் என்பார். மத்தியானத்துக்குள் அதே சுவர் கண்ணைப் பறிக்கும் வெள்ளையாகிவிடும்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் ஒளிவிலகல். ஒரு பொடி வெள்ளையாகத் தெரிய வேண்டுமானால், அதன் துகள்கள் தம்மேல் விழும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்க வேண்டும். துகளுக்கும் அதைச் சூழ்ந்திருக்கும் பொருளுக்கும் ஒளிவிலகல் எண்ணில் எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவுக்குச் சிதறல் கூடும். சுண்ணாம்புத் துகளின் எண் சுமார் 1.6. தண்ணீருக்கு 1.33. காற்றுக்கு 1. ஈரமாக இருக்கும்போது துகள்களுக்கு இடையில் தண்ணீர் நிற்கிறது, வித்தியாசம் குறைவு, ஒளி பெரும்பாலும் ஊடுருவிப் போய்ப் பழைய கறையைத் தொட்டுத் திரும்புகிறது. தண்ணீர் ஆவியாகி அந்த இடத்தைக் காற்று பிடித்ததும் வித்தியாசம் இரட்டிப்பாகிறது. துகள் ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. இடைவெளியில் இருப்பது மாறியது, அவ்வளவுதான்.

காய்வது முதல் வேலை மட்டுமே. அதற்குப் பிறகு நாட்கணக்கில், வாரக்கணக்கில் இன்னொரு வேலை நடக்கிறது. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு கால்சியம் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிறது. காளவாசலில் தொலைத்த அந்த 44 பங்கைச் சுவர் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது. பூச்சு மெல்ல மெல்லக் கல்லாகிறது. சுண்ணாம்பு அடித்த அறையின் சுவரில் இருப்பது மெல்லிய சுண்ணாம்புக்கல் படலம்.

ஆனால் இந்த வினை முழுக்கக் காய்ந்த இடத்தில் நடக்காது. வாயு முதலில் தண்ணீரில் கரைய வேண்டும். சுண்ணாம்பும் அதே தண்ணீரில் கொஞ்சம் கரைய வேண்டும். இரண்டும் அங்கே சந்திக்க வேண்டும். துகளைச் சுற்றி மெல்லிய ஈரப் படலம் இருந்தால்தான் கல்லாகும். துளைகள் முழுக்கத் தண்ணீரால் அடைபட்டிருந்தாலும் வாயு உள்ளே போகாது. இடைப்பட்ட ஈரம் வேண்டும். சித்திரை வெயிலில் சூடேறிய சுவரில் சுண்ணாம்பு அடித்தால் தண்ணீர் சட்டென்று பறந்துவிடும். கல்லாகாமல் பொடியாகவே நின்றுவிடும் சுண்ணாம்பு, சாய்ந்து உட்கார்ந்தவர் சட்டையில் ஒட்டிக்கொண்டு போகும். இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அடிப்பதற்கு முன் சுவரில் தண்ணீர் தெளிப்பார்கள். மார்கழியில் அந்த வேலையைக் காலம் பாதி முடித்து வைத்திருக்கிறது. சுவருக்குள் மழையின் ஈரம், வெளியே பனிக்காற்று, கடுமையில்லாத வெயில். ஐப்பசி மழையில் நனைந்த வீட்டுக்குத் தை பிறக்குமுன் சுண்ணாம்பு என்பது வேதியியல் படித்தவர் வகுத்த அட்டவணை போலவே இருக்கிறது.

கரைசலில் ஒரு கை உப்புப் போடும் வழக்கமும் இதைச் சேர்ந்ததுதான். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். பூச்சு உலர்வது தாமதமாகும். கஞ்சியோ வச்சிரப் பசையோ கலப்பது துகள்களைப் பிடித்து நிறுத்துவதற்கு. உப்பு விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஏற்கெனவே உப்புப் பூத்த சுவரில் மேலும் உப்பைச் சேர்ப்பது நல்லதல்ல.

நீறிய சுண்ணாம்புக் கரைசலின் காரத்தன்மை பி.எச். அளவில் 12.4. மழைக்காலத்தில் மூலையில் படரும் கருப்புப் பூஞ்சணம் அந்தக் காரத்தில் பிழைக்காது. கல்லாகி முடிந்த பிறகு காரம் இறங்கிவிடும். பூஞ்சணம் மறுபடி குடியேறலாம். வருடா வருடம் அடித்ததில் சடங்கும் இருந்தது, சுகாதாரமும் இருந்தது.

அந்தக் காரமே எந்த நிறத்தைக் கலக்கலாம் என்பதையும் தீர்மானிக்கிறது. சுவரின் கீழ்ப்பட்டைக்கு அடிக்கும் காவி, இரும்பு ஆக்சைடு. எந்தக் காரத்துக்கும் அசையாது. வெள்ளையில் சேர்க்கும் நீலமும் அப்படித்தான். அல்ட்ராமரைன் எனப்படும் அந்த நீலத்தைப் பிரான்சின் கிமே என்பவர் 1820-களில் செயற்கையாகச் செய்து காட்டினார். அதற்கு முன் அது ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் லசூலி என்ற நீலக் கல்லை அரைத்து எடுக்கும், தங்கத்துக்கு நிகரான விலையுள்ள பொருள். அமிலத்தில் அழிந்துவிடும், சுண்ணாம்பில் நிலைத்து நிற்கும். பிரஷ்யன் நீலம் என்ற இன்னொரு நீலத்தைச் சுண்ணாம்பில் கலந்தால் சிதைந்து பழுப்பாகிவிடும். லேசாக மஞ்சள் தட்டும் சுண்ணாம்பில் துளி நீலம் கலந்தால், அது மஞ்சள் ஒளியைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். சுவர் உண்மையில் சற்று மங்குகிறது; நம் கண்ணுக்கு அதிக வெள்ளையாகத் தோன்றுகிறது.

காவியும் சுண்ணாம்பும் சேர்ந்தால் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்குச் சாட்சி ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. கடனா நதி தாமிரபரணியில் கலக்கும் திருப்புடைமருதூரில், நாறும்பூநாதர் கோயிலின் ஐந்துநிலை ராஜகோபுரத்துக்குள் ஏணியேறிப் போனால், நிலைக்கு நிலை உட்சுவர் முழுக்க ஓவியம். 16, 17-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. புராணக் கதைகள், போர்க் காட்சிகள், கப்பலில் வந்திறங்கும் குதிரைகள். அறைக்குள் வண்ணம் பூசும் கலையில் இந்தப் பள்ளத்தாக்கின் உச்சம் அது. எத்தனையோ பருவமழைகளையும் ஆற்று வெள்ளங்களையும் பக்கத்திலேயே பார்த்தபடி அவை நிற்கின்றன. நேரடி வெயில் படாத இருட்டறை நிறத்தைக் காத்தது. கீழே இருக்கும் சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தைத் தடுக்காமல் வெளியே விட்டது. செங்காவி, மஞ்சட்காவி, விளக்குக்கரி போன்ற நிறங்கள் வெளிறாத இனத்தைச் சேர்ந்தவை. நம் காலத்தில் இத்தகைய ஓவியங்களுக்கு வந்த பெரிய ஆபத்து மழையல்ல. எத்தனையோ கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் மேலே அடித்த வெள்ளையும் பெயிண்டும்தான் அவற்றை அழித்தன.

இனி டப்பாவைத் திறப்போம். எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துளிகள். அக்ரிலிக் போன்ற பாலிமர், ஒரு மைக்ரானில் சில பத்திலொரு பங்கு அளவுள்ள உருண்டைகளாகத் தண்ணீரில் விரவியிருக்கிறது. தண்ணீர் போகப் போக உருண்டைகள் நெருங்கி, அமுங்கி, ஒன்றோடொன்று உருகி ஒட்டி, தொடர்ச்சியான படலமாகிவிடுகின்றன. இரண்டு கோட்டு அடித்துக் காய்ந்த படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. துடைக்கலாம், கழுவலாம், முதுகில் ஒட்டாது. இந்த வசதிகளைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. குழந்தைகள் கிறுக்கும் வீட்டில் அவற்றின் அருமை தெரியும்.

ஆனால் பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. அதற்குள் சுண்ணாம்புத் துகளைப் போட்டால் 1.6-க்கும் 1.5-க்கும் வித்தியாசமே இல்லை. ஈரச் சுவர்போல எப்போதும் மங்கலாகவே இருக்கும். வேறு வெள்ளை வேண்டும். பல நூற்றாண்டுகள் எண்ணெய்ப் பெயிண்டுக்கு அந்த வெள்ளையைக் கொடுத்தது ஈயம். அரைத்தவர், பூசியவர் உடம்பெல்லாம் அது ஏறியது. முதல் உலகப் போர்க் காலத்தில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் டைட்டானியம் டை ஆக்சைடு தொழிற்சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கியது. அதன் ரூட்டைல் வகைக்கு ஒளிவிலகல் எண் 2.7. வைரத்தைவிட அதிகம். பிளாஸ்டிக்குள் புதைந்திருந்தாலும் அது ஒளியை விடாமல் சிதறடிக்கும். விஷமும் இல்லை.

அந்த டைட்டானியம் இருக்கும் இடம் நமக்கு அயலூர் அல்ல. மணவாளக்குறிச்சியிலிருந்து தூத்துக்குடி வரை கடற்கரையில் அலை ஒதுக்கும் கருமணலில் இருக்கும் இல்மனைட்தான் அதன் மூலப்பொருள். தாமிரபரணி கடலில் சேரும் பகுதிக்கு அருகே சாகுபுரத்தில் இல்மனைட்டைப் பக்குவப்படுத்திச் செயற்கை ரூட்டைல் செய்யும் ஆலை நெடுங்காலமாக நடக்கிறது. கிளிஞ்சலும் நம் கடல் தந்ததுதான், கருமணலும் நம் கடல் தந்ததுதான். ஒன்றைக் கரையில் பொறுக்கி எடுத்தார்கள். மற்றதற்குக் கரையையே தோண்டினார்கள். தாது மணல் அள்ளுவதில் நடந்த முறைகேடுகளைப் பற்றிப் புகார்கள் எழுந்து, 2013-ல் தமிழக அரசு இந்த மாவட்டங்களில் தனியார் அள்ளுவதற்குத் தடை விதித்ததை இந்தப் பக்கத்து மக்கள் அறிவார்கள்.

இப்போது அந்தப் படலத்தை மார்கழிச் சுவரில் ஒட்டிப் பார்ப்போம். செங்கல்லும் சிமென்ட் பூச்சும் நுண்துளைகள் நிறைந்தவை. தரையிலிருந்து தண்ணீர் அந்தத் துளைகள் வழியே தானாக மேலேறும். துளை எவ்வளவு சிறியதோ அவ்வளவு உயரம். 10 மைக்ரான் ஆரமுள்ள துளையில் கணக்குப்படி ஒன்றரை மீட்டர் ஏற முடியும். ஏறும் தண்ணீர் மண்ணிலும் செங்கல்லிலும் சிமென்ட்டிலும் இருக்கும் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சுண்ணாம்புச் சுவரில் அது மேற்பரப்புக்கு வந்து ஆவியாகும். உப்பு வெளியே பூக்கும். துடைப்பத்தால் தட்டினால் போகும். படலம் போர்த்திய சுவரில் ஆவி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசிய முடியும். தண்ணீர் படலத்துக்குப் பின்னால் தேங்குகிறது. உப்பு அங்கேயே படிகமாகிறது. சோடியம் சல்பேட் போன்ற உப்பு ஈரத்தைப் பிடித்துப் படிகமாகும்போது அதன் கன அளவு மூன்று மடங்குக்கு மேல் பெருகும். அந்த நெருக்கலுக்குப் பெயிண்டுக்கு அடியில் தடவிய பட்டியும் தாங்காது, பூச்சும் தாங்காது. பங்குனி வெயில் சுவரில் ஏறும்போது உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் படலத்தைத் தள்ள, முழங்கால் உயரத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். விரலால் அழுத்தினால் உள்ளே பொடி நொறுங்கும் சத்தம் கேட்கும். பெயிண்ட் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவோம். விலை உயர்ந்த பெயிண்ட், அதாவது இன்னும் இறுக்கமான படலம், இந்தச் சுவரில் இன்னும் சீக்கிரம் எழும்பலாம்.

வேலை தெரிந்த பெயிண்டர்கள் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, சொவரு இன்னும் ஓதமாத்தான் இருக்கு, பொங்கல் கழியட்டும்” என்பார்கள். பண்டிகை அவசரத்தில் அந்தப் பேச்சு எடுபடுவதில்லை. கையை நம்ப மனமில்லாதவர்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. முழ நீளம், முழ அகலத்தில் கண்ணாடிபோன்ற பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். தாளின் உட்புறம் நீர் முத்து கட்டியிருந்தால் சுவர் இன்னும் தண்ணீரை விட்டுக்கொண்டிருக்கிறது. வெளிப்புறம் முத்து கட்டியிருந்தால் அறைக் காற்றில்தான் ஈரம். சன்னலைத் திறந்து வைத்தால் தீரும். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஒரு தாள், தோள் உயரத்தில் ஒரு தாள் என்று ஒட்டினால், ஈரம் கீழிருந்து ஏறுகிறதா, மேலே குழாய்க் கசிவா என்பதும் தெரிந்துவிடும். கசிவென்றால் முதலில் கூப்பிட வேண்டியது பிளம்பரை.

எமல்ஷன்தான் வேண்டும் என்றால் மாசி வரை பொறுப்பது நல்லது. சித்திரைக்குத் தள்ளினால், கத்திரி வெயிலில் பெயிண்ட் ரோலரிலேயே இறுகத் தொடங்கும். உருண்டைகள் சரியாக ஒட்டுமுன் தண்ணீர் பறந்துவிடும். புதிதாகச் சிமென்ட் பூசிய சுவரானால் குறைந்தது 28 நாள் பொறுத்தாக வேண்டும். உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷால் தட்டி, உதிர்ந்ததை வாரி வெளியே கொட்டுங்கள்.

சுவருக்கு எமரித்தாள் போடும் சூட்டோடு கதவு, சன்னலையும் தேய்த்துவிடலாம் என்று தோன்றும். அங்கே நிதானம் வேண்டும். பழைய வீட்டுக் கதவுகளின் மஞ்சள், பச்சை, சிவப்பு எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்று இந்தியாவில் 2016-ல் விதி வந்தது; 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய கதவை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசி தரையில் படிந்து, தவழும் குழந்தையின் கை வழியே வாய்க்குப் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும், அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. நனைத்துத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் அந்த நாட்களில் வேறு வீட்டுக்கு அனுப்புவதே சரி.

பொங்கலுக்குள் அடித்தே தீர வேண்டும், சுவரோ ஓதம் காக்கிறது என்றால், சுண்ணாம்புதான் வழி. ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் அப்படியே இழுத்தால் சுண்ணாம்பு நிற்காது. பிளாஸ்டிக் படலம் தண்ணீரை உறிஞ்சாது. பிடிப்பு கிடைக்காமல் காய்ந்து செதில் செதிலாக விழும். பழைய பெயிண்டையும் பட்டியையும் பூச்சு தெரியும்வரை சுரண்டி எடுக்க வேண்டும். அறை முழுக்கச் சுரண்ட முடியாவிட்டால், கொப்புளம் எழும்பும் இடுப்பு உயரம்வரை சுரண்டி அந்தப் பட்டைக்கு மட்டும் சுண்ணாம்பும் காவியும் அடித்துவிட்டு, மேலே இருக்கும் எமல்ஷனை அப்படியே விட்டுவிடலாம். தண்ணீர் தெளித்து, மோர்ப் பதத்தில் மெல்லிசாக மூன்று கோட்டு. ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் ஒரு நாள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. மின்விசிறியைப் போட்டு அவசரமாகக் காயவைக்கக் கூடாது. சன்னல் திறந்திருந்தால் போதும், கல்லாவதற்கு வேண்டிய வாயு காற்றோடு வந்து சேரும்.